கப்பலின் ஞானத்தாய்

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டது! ரொட்டி வாங்கப் போனவள் ரொட்டியை மறந்துவிட்டுத் துறைமுகச் சுவரில் போய் நின்றேன். சாம்பல் பூச்சு காயாத வாசனை கரைவரை அடித்தது. பழைய கப்பல்தான். எந்த நாட்டிலோ ஓடிக் களைத்ததைக் கடற்படை வாங்கி வந்திருக்கிறது. ஆனால் முகப்பு என்ன முகப்பு, கத்தி மாதிரி! பின்பக்கம் புதிதாக எழுதியிருக்கிறார்கள்: புவெர்த்தோ மெரினோ. எங்கள் ஊர்ப் பெயர். மீன் நாற்றமும் காற்றும் தவிர ஒன்றுமில்லாத இந்த ஊர்ப் பெயரில் ஒரு போர்க்கப்பல். எப்போதும் பையில் கிடக்கும் தூரநோக்கியை எடுத்தவள், கை மரத்துப்போகும்வரை இறக்கவில்லை.

மாலையில் கமாண்டர் அர்ரெகி எங்கள் கடற்படை நண்பர்கள் சங்கத்துக்கு வந்தார். மே பதினேழு, கடற்படை நாளன்று, கப்பலுக்குப் பெயர் சூட்டு விழாவாம். ஷாம்பேன் பாட்டில் சங்கத்தின் பொறுப்பு. அதை முகப்பில் மோதி உடைக்கும் ஞானத்தாய் இந்த ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது மேலிடத்து விருப்பம் என்றார். அன்றிலிருந்து கப்பல் அவள் பிள்ளை. கரை சேர்ந்ததும் மாலுமிகள் முதலில் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். வருடத்துக்கு ஒருநாள் கப்பலில் அவளுக்கு விருந்து. அவர் சொல்லி முடித்ததும் சங்கத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? எங்கள் சலவைக்கடைக்கு வராத கடற்படைச் சட்டை இந்த ஊரில் இல்லை. விமானம் மேகத்துக்குமேல் போனாலும் சத்தத்தை வைத்தே எது என்று சொல்வேன். என் புருஷன் ரௌல் என்னை விட்டுப் போன அன்று வாசலில் நின்று சொன்னான்: "நான் ஒரு கப்பலா இருந்திருந்தா ஒரு தடவையாவது ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருப்ப." உண்மைதான். அவன் கப்பலாக இல்லை. அதற்கு நான் என்ன செய்வது?

மார்ச் 12

நீல உடை எடுத்தேன். இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்டபிறகு ஓடக்கூடாதல்லவா.

மார்ச் 20, வெள்ளி

நில்டா.

நில்டா புச்செத்தா! தெருத்தெருவா, மாவுக்குள்ள கறி அடைச்ச எம்பனாதா விக்கிற நில்டா! படகுக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் தெரியாதவ. விமானம் தாழப் பறந்தா காதைப் பொத்திக்கிறவ. அவளா? அவளா ஞானத்தாய்?

மேயர் சங்கத்துக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடற்படைக்காரரோட விதவை. மகன் லிசான்ட்ரோ அதே கப்பல்ல மாலுமி. இதைவிடப் பொருத்தம் எங்க கிடைக்கும்?" எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

விதவைதான், யார் இல்லை என்றது? ஆனால் அவள் புருஷன் எந்தப் போரில் செத்தான்? எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்த கடலில், கரையிலிருந்து கல்லெறி தூரத்தில், சுமைப்படகிலிருந்து தவறி விழுந்து செத்தான். அதற்கு ஒரு மாலை, ஒரு ஓய்வூதியம், இப்போது ஒரு கப்பல். எனக்கும் ஒருவன் முழுகியிருந்தால் கிடைத்திருக்கும். என் அதிர்ஷ்டம், என் புருஷன் ஒரு முடிதிருத்துபவளோடு பஸ்ஸில் ஏறிப் போனான்.

மார்ச் 24

அவளே வந்தாள், கடைக்கு. கையில் மாத்தே இலைத் தேநீர்க் குவளை. நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே உறிஞ்சிக் குழலில் மாத்தே குடிக்கிறவர்கள்.

"டெல்மி, எனக்கு பயமா இருக்குடி. மாட்டேன்னுதான் சொன்னேன். லிசான்ட்ரோதான், 'ஒத்துக்கம்மா, எனக்குப் பெருமையா இருக்கும்'னு கெஞ்சினான்."

"பயம் எதுக்கு? ஒரு பாட்டிலை உடைக்கணும், அவ்வளவுதானே. அடுப்படியில எத்தனை உடைச்சிருப்ப."

"உன்னைத்தான் கூப்பிட்டிருக்கணும். நான் அவங்ககிட்ட சொல்லவும் சொன்னேன். 'டெல்மிராவைப் போடுங்க, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்'னு."

"என்ன சொன்னாங்க?"

"கமாண்டர் சிரிச்சாரு."

சிரித்தாரா? எதற்குச் சிரிக்க வேண்டும்? அவள் போனபிறகு பெட்டி போடும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் கண்முன் நின்றது. ஒரு லெஃப்டினன்ட்டின் காலரைக் கருக்கிவிட்டேன்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

முற்றத்தில் அவளுக்குப் பயிற்சி. துணிக்கொடியில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, சுவர்தான் கப்பல் என்று வைத்துக்கொண்டோம். "இந்தக் கப்பலுக்குப் புவெர்த்தோ மெரினோ என்று பெயரிடுகிறேன், கடவுள் இதையும் இதில் செல்வோரையும் காப்பாராக." இதைச் சொல்வதற்குள் அவளுக்கு நாலு தடவை சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வரியில் மட்டும் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரத நாளென்று சூரை மீன் வைத்த எம்பனாதா கொண்டுவந்திருந்தாள். நல்லாத்தான் செய்கிறாள். அதையும் சொல்ல வேண்டும்.

லிசான்ட்ரோ வந்து சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான். புதுச் சீருடை, புது முடிவெட்டு. "அம்மா, அழுது மட்டும் தொலைச்சிடாத. பசங்க கேலி பண்ணுவானுங்க" என்றான். போகும்போது அவள் தலையில் முத்தமிட்டுவிட்டுப் போனான். எனக்கும் ஒரு சலாம் வைத்தான், விளையாட்டாக.

விளையாட்டாகத்தான்.

மே 12

கண்ணாடிக்கடையில் கீறும் கத்தி இரவல் வாங்கி வந்தேன்.

ஊருக்குத் தெரியாத விஷயம் இது. ஷாம்பேன் பாட்டில் தடித்த கண்ணாடி, லேசில் உடையாது. அதனால் விழாவுக்குமுன் அதன் உடம்பைச் சுற்றிக் கத்தியால் ஆழமாகக் கீறி, கீறல் தெரியாமல் ரிப்பன் வலை பின்னிவிடுவோம். சங்கத்தின் செயலாளர் நான், கீறுவது என் வேலை. மீன்பிடிப் படகுகளுக்குக் கீறியிருக்கிறேன். தட்டின மாத்திரத்தில் பூ மாதிரி உடையும். ஞானத்தாய் தன் கைராசி என்று நினைத்துக்கொள்வாள்.

கத்தி மேசையில் இருக்கிறது. பாட்டிலும் மேசையில் இருக்கிறது.

மே 14

கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நல்லா வெட்டுச்சா?" என்றார் கடைக்காரர். "ரொம்ப நல்லா" என்றேன். கத்தியை நான் உறையிலிருந்தே எடுக்கவில்லை.

மே 16

ரிப்பன் வலை அழகாக வந்திருக்கிறது, வெள்ளையும் நீலமும். கப்பலின் தலைமை மாலுமி கவுனா பாட்டிலை வாங்கிக்கொள்ள வந்தார். "கீறியாச்சா டெல்மிரா அம்மா?" "கீறியாச்சு."

மே 17, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒன்றும் மறந்துவிடக்கூடாது.

நல்ல வெயில், காற்றுக்குக்கூட அன்று மரியாதை தெரிந்திருந்தது. மேளம், கொடிகள், பள்ளிப் பிள்ளைகள், சுவரெல்லாம் ஊர். கப்பல் மேல்தட்டில் மாலுமிகள் வரிசையாக, வெள்ளைக் கையுறையோடு. ஒவ்வொரு சட்டை மடிப்பும் என்னுடையது. நில்டா பழுப்பு உடையில் மேடையேறினாள், அந்தக் கப்பலுக்கு முன்னால் வேலைக்காரி மாதிரி இருந்தாள். வாசகத்தைப் பிழையில்லாமல் சொன்னாள். நான் கற்றுக்கொடுத்ததாயிற்றே. கயிற்றில் தொங்கிய பாட்டிலைப் பிடித்து வீசினாள்.

டொப்.

பாட்டில் முகப்பில் இடித்து, சுழன்று, திரும்பி வந்தது. சிலர் சிரித்தார்கள். மறுபடி வீசினாள். டொப். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மேளக்காரன் கோலைத் தூக்கியபடியே நின்றான். மூன்றாவது தடவை இரண்டு கையாலும் வீசினாள், பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு. பாட்டில் இடித்துத் திரும்பி வந்து அவள் தோளிலேயே மோதியது.

அப்போதுதான் மாலுமிகளைப் பார்த்தேன். முகம் நேராக, கண் கொடியில். ஆனால் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் ஒரு கை மட்டும் இறங்கிக் கால்சட்டையின் இடப்பக்கத்துக்குப் போனது. பீடையைக் கண்டால் ஆண்கள் இடது விதையைத் தொட வேண்டும், பெண்கள் இடது மார்பை. எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். கமாண்டர் கையைப் பாக்கெட்டில் விட்டார். பாதிரியாரின் கை அங்கிக்குள் போனதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். வரிசையில் ஒரே ஒருவன் கை மட்டும் இறங்கவில்லை. அது லிசான்ட்ரோ.

கடைசியில் கவுனா குதித்து வந்து, பாட்டிலைப் பறித்து, இரண்டு அடியில் நொறுக்கினார். சரியாக அந்த நேரம் பார்த்து இரண்டு கடற்படை விமானங்கள் துறைமுகத்தின்மேல் தாழப் பறந்து போயின. சத்தம் நெஞ்செலும்பில் இறங்கியது. என்ன அழகு! ஊரே நில்டாவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒருத்திதான் அண்ணாந்து பார்த்தேன்.

இறங்கி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் ஐஸ். "நான் சரியா அடிக்கலையா டெல்மி?"

"நல்லாத்தான்டி அடிச்ச."

எனக்கு எப்படி இருந்தது? நன்றாக இருந்தது. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். மிக நன்றாக இருந்தது.

மே 19

கவுனா சீருடை எடுக்க வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டெல்மிரா அம்மா, ஒரே ஒரு கேள்வி. தப்பா நினைக்கக் கூடாது. நிஜமாவே கீறினீங்களா?"

"கவுனா, நான் என்ன நேத்துப் பொறந்தவளா? சுத்திச் சுத்திக் கீறினேன். விரலை வெச்சா வெட்டும், அவ்வளவு ஆழம்."

மனுஷர் வெளுத்துப் போனார். "கீறின பாட்டிலே உடையலைன்னா... ஐயோ, அப்போ அவ எப்பேர்ப்பட்ட பீடையா இருக்கணும்!"

இதை நான் யோசிக்கவே இல்லை. என்மேல் சந்தேகம் வரக்கூடாதே என்றுதான் சொன்னேன். அவர் இதைக் கப்பலில் சொல்வார். கப்பல் ஊரில் சொல்லும். சொல்லட்டுமே. ஒரு வாரம் பேசுவார்கள், அப்புறம் வேறொன்று கிடைக்கும்.

ஜூன் 2, செவ்வாய்

வேறொன்று கிடைக்கவில்லை.

கப்பலில் ஜெனரேட்டர் நின்றுபோனால் அவள். சமையல்காரன் காலில் வெந்நீர் கொட்டினால் அவள். எலி கேபிளைக் கடித்தால், எலியையும் அவள்தான் அனுப்பினாள். பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை, சொன்னால் ஒட்டிக்கொள்ளுமாம். "எம்பனாதாக்காரி" என்கிறார்கள். சிலர் அதுகூடச் சொல்லாமல் தாடையை அவள் வீட்டுப் பக்கம் காட்டுகிறார்கள். பேக்கரிக்குள் அவள் நுழைந்ததும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இடது மார்பில் அரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுகிற மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். அதில் ஒரு சுகம் இருக்கிறது, சூடான இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் உட்காருவது போல.

ஜூன் 11

தட்டு நிறைய எம்பனாதாவோடு வந்தாள். நாள் முழுக்க நடந்திருக்கிறாள், ஒன்றுகூட விற்கவில்லை.

"கதவைத் தட்டினா உள்ள ரேடியோவை நிறுத்துறாங்கடி. ஆள் இல்லாத மாதிரி. நான் என்ன பண்ணினேன்? ஒரு பாட்டில் உடையலை, அதுக்கா?"

"சரியாப் போயிடும் விடு."

"நீ ஒருத்திதான் கதவைத் திறக்கிற. அந்த மனுஷன் செத்தப்பவும் நீதான் வந்து என்கூட உக்காந்திருந்த. நீ இல்லேன்னா நான்..."

அழுதாள். மாத்தே ஊற்றிக் கொடுத்தேன். எம்பனாதாவையெல்லாம் எடுத்துக்கொள் என்று என்னிடமே விட்டுப் போய்விட்டாள். பாதியைத் தின்றேன், மீதியை நாய்க்குப் போட்டேன். குற்றவுணர்ச்சியா? இல்லை. கொஞ்சம் எரிச்சல். எதற்கு இவள் என்னிடமே வந்து அழ வேண்டும்?

ஜூலை 4, சனி

ஹாலந்திடம் தோற்றோம். கடைசி நிமிடத்தில் கோல். உலகக் கோப்பை போச்சு.

மூலை மதுக்கடையில் ஆண்கள் மேசையைக் குத்தி அழுதார்கள். அப்போது ஒருவன் சொன்னான்: "கோல் விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவ ஜன்னலோரமா போனா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்." போதாதா? சாயங்காலம் அவள் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. பிரான்சில் உதைத்த பந்து, இங்கே உடைந்த கண்ணாடி.

ஜூலை 8, புதன்

ஒயோலாவின் கை போய்விட்டது.

நங்கூரச் சங்கிலி. கடல் கொந்தளிப்பில் சங்கிலி திடீரென்று ஓட, அவன் வலது கை உருளைக்குள். மணிக்கட்டோடு. ஒயோலா, சட்டை கொண்டுவந்தால் ஒரு சிரிப்பும் கொண்டுவருகிற பையன். "பெட்டி போட்ட மடிப்புல தாடி வழிக்கலாம் தாயே" என்பான். ஆஸ்பத்திரி வாசலில் கப்பல்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். பேசாமலே எல்லோரும் ஒரே பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னால் சாப்பிட முடியவில்லை. நான் கீறியிருந்தா — ஒரு கோடு, ஒரே ஒரு கோடு — அந்தக் கை இருந்திருக்குமா? பைத்தியமாடி உனக்கு, கண்ணாடிக்கும் சங்கிலிக்கும் என்ன சம்பந்தம்? அப்படின்னா அவளுக்கும் சம்பந்தம் இல்லையே. அவளுக்கு சம்பந்தம் இல்லேன்னா நான் போய்ச் சொல்லணும். எப்படிச் சொல்றது? யார்கிட்ட? கவுனாகிட்டயா? அந்த ஆளு என்னைச் சங்கிலியில கட்டிக் கடல்ல இறக்கிடுவான்.

ஜூலை 10, வெள்ளி

இன்று நிதானமாக யோசித்தேன்.

பாட்டில் கீறப்படவில்லை. சரி. ஆனால் கவுனா அதே பாட்டிலை இரண்டு அடியில் உடைத்தாரே? அப்படியென்றால் கீறாத பாட்டிலும் உடையும். நல்ல கை பட்டால் உடையும். அந்தக் காலத்தில் யார் கீறினார்கள்? அப்போதும் ஞானத்தாய்கள் உடைத்துக்கொண்டுதானே இருந்தார்கள்? மூன்று தடவை அடித்தும் உடையவில்லை என்றால் கோளாறு கண்ணாடியில் இல்லை, கையில். நான் கீறாமல் விட்டதால்தான் அவளுடைய குணமே வெளியே வந்தது. கீறியிருந்தால் மறைந்தே இருந்திருக்கும், கப்பலே மூழ்கிப் போயிருக்கலாம்.

அவள் புருஷன் அசையாத கடலில் செத்தான். அசையாத கடலில்! இதை எப்படி இத்தனை நாள் யோசிக்காமல் இருந்தேன்?

மனசு லேசாகிவிட்டது. ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டேன்.

ஜூலை 14

வந்தாள். உறிஞ்சியை என் பக்கம் நீட்டினாள். "வயிறு சரியில்ல, நீ குடி" என்றேன்.

விஷயம் லிசான்ட்ரோ. கப்பலில் அவனோடு யாரும் ஒரே மேசையில் உட்காருவதில்லையாம். மெத்தையில் தண்ணீர் ஊற்றுகிறார்களாம், கயிறு அறையில் படுக்கிறானாம். பீடை பெத்த பிள்ளை என்று கூப்பிடுகிறார்களாம். "ரெண்டு கிலோ இல்ல, பாதியா இளைச்சிட்டான்டி. கப்பல்னா அவனுக்கு உசிரு, உனக்குத் தெரியுமே. அவனை இறக்கிவிட்டுட்டா செத்துடுவான். கமாண்டர் நீ சொன்னா கேப்பாரு. எனக்காக ஒரு தடவை போய்ப் பேசு. உன் காலைப் பிடிச்சுக்கறேன்."

நிஜமாகவே குனிந்தாள். நான் பின்னால் நகர்ந்தேன். என்னைத் தொட்டுவிடுவாளோ என்று பயம் வந்தது. ஆமாம், பயம்தான்.

ஜூலை 16

கமாண்டர் காபி கொடுத்தார். "நான் படிச்சவன் மேடம். இந்த மூடநம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது" என்றார். அப்போது அவருடைய இடது கை மேசைக்கடியில் இருந்தது. "ஆனா நாப்பது பேரை வெச்சுக்கிட்டு நான் கடலுக்குப் போகணும். பயந்த மாலுமி கயிறைக்கூட ஒழுங்கா கட்ட மாட்டான்."

நான் சொன்னேன்: "ஞானத்தாயை மாத்திடுங்க சார்."

"பேர் சூட்டுறது ரெண்டு தடவை கிடையாது."

"ஆசீர்வாதம்னு சொல்லிக்கலாம். பாதிரியாரைக் கூப்பிடுவோம். அவளே உடம்பு சரியில்லைன்னு விலகிக்குவா. அவளோட நான் பேசிக்கறேன்."

"வேற யாரு வருவாங்க?"

நான் காபியைப் பார்த்தேன். அவர் சிரித்தார். இந்தத் தடவை எதற்குச் சிரித்தார் என்று எனக்குத் தெரிந்தது. வலிக்கவில்லை. பையன் கப்பலில் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: அவள் துறைமுகத்தின் பக்கமே வரக்கூடாது, மகனை வழியனுப்பவும் கூடாது, வரவேற்கவும் கூடாது. அந்த நிபந்தனையை முதலில் சொன்னது நான்தான். அவர் தலையாட்டினார்.

ஜூலை 17

சொல்லிவிட்டேன், வேலிக்கு இப்பால் நின்று. "லிசான்ட்ரோ கப்பல்ல இருக்கலாமா? நிஜமா?" என்று மூன்று தடவை கேட்டாள். மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. "நீ நல்லா இருப்பே டெல்மி. ஞானத்தாயா நீதான் இருக்கணும்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள்.

ஜூலை 26, ஞாயிறு

ஒரே அடி!

நீல உடை, வெள்ளைக் கையுறை. விழா இல்லை, மேளம் இல்லை, பாதிரியாரும் கப்பல்காரர்களும் மட்டும். போதும். கண்ணாடிக்கடைக் கத்தியால் நானே கீறினேன், இருமுறை சுற்றி. "கடவுள் இதையும் இதில் செல்வோரையும் காப்பாராக" என்றபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. வீசினேன். பூ மாதிரி! நுரை என் செருப்பெல்லாம். மாலுமிகள் தொப்பியைத் தூக்கி எறிந்து கத்தினார்கள், ஒருவன் கையும் கீழே போகவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒயோலாகூட வந்திருந்தான், மிச்சக் கையால் என்னை அணைத்துக்கொண்டான்.

விருந்தில் கமாண்டர் பக்கத்தில் எனக்கு நாற்காலி. முடிந்து இறங்கும்போது நாலைந்து பையன்கள் அழுக்குச் சட்டை மூட்டையோடு ஓடிவந்தார்கள்: "ஞானத்தாயே, கிளம்புறதுக்குள்ள கிடைக்குமா?" கிடைக்கும் கண்ணுகளா, கிடைக்கும். மூட்டையைச் சுமந்துகொண்டு வீடுவரை நடந்தேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை.

லிசான்ட்ரோவை இப்போது மேசையில் சேர்த்துக்கொள்கிறார்கள். வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். எனக்குச் சலாம் வைத்தான், விளையாட்டாக இல்லை.

ஆகஸ்ட் 3, திங்கள்

கிளம்பியது. தெற்கே நீண்ட ரோந்து, வசந்தம் வந்துதான் திரும்பும். துறைமுக மேடையில் நான், என் பக்கத்தில் காவல்காரன். கயிறுகளை அவிழ்த்தார்கள். பையன்கள் மேல்தட்டு ஓரமாக வரிசை கட்டி நின்றார்கள்.

பழக்கத்தில் தூரநோக்கியைச் சுற்றிலும் திருப்பினேன். மீன் ஆலைச் சுவரின் மூலையில் ஒரு பழுப்புத் துணி. அவள்தான். சொல்லியும் வந்திருக்கிறாள்! நான் பாட்டிலைக் கீறவில்லை என்பது எனக்குத் தெரியும், என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் என் கை தானாக இடது மார்புக்குப் போனது. நாற்பது பேர் இருக்கிறார்கள் அதில். என் பிள்ளைகள். காவல்காரனிடம் சொன்னேன், அவன் விசிலை ஊதிக்கொண்டே ஓடினான்.

விசில் சத்தத்துக்குக் கப்பலில் எல்லோரும் திரும்பினார்கள். லிசான்ட்ரோவும். தூரநோக்கியில் அவன் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அம்மாவைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். இரண்டு பக்கமும் நின்றவர்கள் அவனையே கவனித்தார்கள். அவன் கை மெல்ல இறங்கிக் கால்சட்டையின் இடப்பக்கத்தில் நின்றது. பக்கத்தில் நின்றவன் அவன் தோளில் தட்டிக்கொடுத்தான்.

நல்ல பையன். கற்றுக்கொண்டான். இனி அவனுக்குக் கவலையில்லை.

ஆகஸ்ட் 4

காலையில் கதவு தட்டும் சத்தம். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து, ரேடியோவை நிறுத்தினேன்.

"டெல்மி, நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும். திறக்க வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." கதவோடு வாயை வைத்துப் பேசினாள். "நேத்து நான் வந்தது தப்புதான். தூரத்துல இருந்து ஒரே தடவை பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். அவன் கையை அசைச்ச மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை, உன்கிட்ட தூரநோக்கி இருந்துச்சே. அவன் எனக்குத்தானே கை காட்டினான்?"

நான் மார்பில் கை வைத்தபடி கதவுக்குப் பின்னால் நின்றேன். சீக்கிரம் போய்விட மாட்டாளா என்றிருந்தது.

"ஆமாம்" என்றேன். "உனக்குத்தான்."

நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்து, ஒரு வாளி வெந்நீரில் உப்புப் போட்டு வாசல்படியைக் கழுவினேன்.